அமுங்காத தாளம்

விடாத மழையில் வந்த அந்த அம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "என் தங்கச்சி கால் தவறி விழுந்துட்டான்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பலை," என்றாள்.

துப்பறிவாளர் கேட்டுக்கொண்டார். அவருக்கு உதவியாளனாக இருந்த மச்சினன் நெருங்கி வந்து நின்றான்.

தங்கை மேடைப் பாடகி. ஒரு வரியைப் பாடிப் பெடலை மிதித்தால், லூப் பெட்டி அதையே திரும்பத் திரும்ப ஒலிக்கும்; அதன்மேல் அடுத்த வரியை அடுக்குவாள். பயிற்சி செய்யும் மாடி அறையின் பின்படிக்கட்டில் பிணமாகக் கிடந்தாள். கூட வாசிக்கும் கிடார்க்காரன் அப்போது கடைக்குப் போயிருந்தானாம். அவன் தெருவில் போனதைக் கீழ்வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். அப்போதும் மேலே பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் பொறுக்காமல் அவர் அதைக் கொஞ்சம் முன்பிருந்தே கைபேசியில் பதிவும் செய்திருந்தார்.

"அவன் போனப்புறமும் அந்தப் பொண்ணு பாடியிருக்கே, அத்தான். அப்ப அவன் மேல குத்தமில்லையே?" என்றான் மச்சினன்.

"அறையைப் பார்த்துட்டுச் சொல்லலாம்."

மறுநாள் கிடார்க்காரனோடு சேர்த்து நால்வரும் அந்த ஈரச்சுவர் அறையில் கூடினார்கள். கிடார்க்காரனுக்கு இருமல் நிற்கவில்லை.

"லூப் பெட்டிக்குப் பக்கத்துல இருக்கற இந்தப் பெட்டி எதுக்கு, தம்பி?" என்று துப்பறிவாளர் கேட்டார்.

"கம்ப்ரஸர் சார். மைக்கில குரல் வந்தா லூப் சத்தத்தை அமுக்கும், குரல் நின்னா விட்டுடும். இல்லைன்னா பாடுறவ குரல் அதுல முங்கிப்போயிடும்."

"அன்னைக்கு ஓடிச்சா?"

"அது இல்லாம அவ பாடவே மாட்டா."

துப்பறிவாளர் லூப்பை ஓடவிட்டு மச்சினனைப் பாடச் சொன்னார். வீட்டுக் குளியலறையில்கூடப் பாடத் தடை வாங்கியவன் அவன். கூச்சத்தோடு வாய் திறந்தான். பின்னால் ஓடிய தாளம் உடனே அமுங்கியது. நிறுத்தினான், எழும்பியது.

பிறகு, கீழ்வீட்டுக்காரரிடம் வாங்கி வந்த கைபேசியில் பதிவு ஓடியது. பாடகியின் குரல் ஏறியது, இறங்கியது. தாளம் அசையவே இல்லை.

"அப்ப அது மைக்கில பாடினது இல்லை!" என்றான் மச்சினன்.

"முன்னாடியே பெட்டிக்குள்ள போன குரல்."

"அன்னைக்குக் கம்ப்ரஸர் கெட்டிருக்கும்," என்றான் கிடார்க்காரன்.

"இன்னும் கேளு."

ஓரிடத்தில் தாளம் சட்டென்று அமுங்கியது. அங்கே பாட்டு இல்லை. ஓர் இருமல் இருந்தது.

"கம்ப்ரஸர் நல்லாத்தான் இருந்திருக்கு. பாட்டு ஓடினப்ப மைக் பக்கத்துல இருந்தது நீ. அப்புறம்தான் தெருவுல இறங்கியிருக்கே. அவ அதுக்கு முன்னாடியே விழுந்துட்டா."

கிடார்க்காரன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "இனிமே தனியாத்தான் மேடை ஏறுவேன்னு கிளம்பினா. படியில கையைப் பிடிச்சேன். உதறினா, விழுந்துட்டா. சத்தியமா தள்ளலைங்க."

இறந்தவளின் அக்கா மெதுவாகக் கேட்டாள். "விழுந்தப்புறம் உயிர் இருந்துச்சா?"

அவன் தலை நிமிரவில்லை. "முனகிட்டு இருந்தா. கீழ கேட்டுடுமோன்னு பயந்து, பாட்டைச் சத்தமா வெச்சேன்."

அக்கா கைபேசிக்காகக் கை நீட்டினாள். "அதை இன்னொரு தடவை போடுங்க. பாட்டுக்கு அடியில அவ முனகல் கேக்குதான்னு பார்க்கணும்."

"வேண்டாம்மா," என்று துப்பறிவாளர் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.