பதினொன்றாம் தெருவின் தெளிவான காற்று

குழலூரில் மூச்சு முட்டினால் யாரும் கூச்சல் போடமாட்டார்கள், படம் வரைவார்கள்.

நிலாவின் தரைக்கடியில், எரிமலைக் குழம்பு என்றோ ஓடி வடிந்துபோன நீண்ட குகைக்குள் அமைந்த ஊர் அது. ஒவ்வொரு தெருவுக்கும் தனிக் கதவு, தனிக் காற்று. வாரச் சபையில் தெருக்காரர்கள் தாங்கள் சுவாசித்த காற்றின் அளவுகளை வரைபடமாக்கிச் சுவரில் ஏற்றுவார்கள். சபை கையுயர்த்தி ஏற்றுக்கொண்ட படம் அந்தத் தெருச் சுவரிலும் ஒளிரும்; அதுவே அந்தத் தெருவின் உண்மை. ஊரை நிறுவியவர்கள் யோசித்துத்தான் இப்படி வைத்தார்கள். வாயால் முறையிட்டால் குரல் பெரிதானவன் ஜெயிப்பான். எண்ணுக்குக் குரல் கிடையாது.

ஆனால் எல்லோருக்கும் படம் வரைய வரவில்லை. காளான் வளர்ப்பவரும் குழாய் பொருத்துபவரும் எண்களைக் கொட்டி வைத்துக்கொண்டு விழித்தார்கள். அப்போதுதான் பூமியிலிருந்து வலைவழியாக ‘எளிவரை’ வந்தது. தரவைப் படமாக்கும் கருவி, இலவசம். எதையும் நிறுவ வேண்டாம், உலாவியில் திறந்தால் போதும். தொடக்கநிலையாளர்களுக்கென்றே செய்தது. அது ஊருக்கு ஆகுமா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு, கருவி மதிப்பீட்டாளரான ஜெசிந்தாவிடம் வந்தது.

எதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பதினொன்றாம் தெருவில் இருக்கும் தங்கை ரெஜினா கொஞ்ச நாளாகவே புலம்பிக்கொண்டிருந்தாள்.

“எக்கா, எந்திரிச்சா மண்டை வெடிக்கு. நேத்து அடுப்படில அப்படியே உக்காந்துட்டேன். அவரு கேக்காரு, ராத்திரி பூரா சினிமா பாத்தியான்னு.”

“அவரு என்ன செஞ்சாராம்?”

“அவரும் பக்கத்துலதான் மயங்கிக் கெடந்தாரு. கேட்டா, தூங்குனேன்ங்காரு.”

ஜெசிந்தாவுக்குக் காரணம் தெரியும். தெருவின் காற்றைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் இரண்டு அடுக்குகள் உண்டு. ஓர் அடுக்கு கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது மற்றதைச் சூடேற்றுவார்கள்; அது உறிஞ்சி வைத்திருந்ததையெல்லாம் வெளியே, நிலாவின் வெறுமைக்குள் கக்கிவிடும். பிறகு இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ளும். அப்படி மாறும் நேரத்தில் ஒரு வால்வு சட்டென்று மூடவேண்டும். பதினொன்றாம் தெருவில் அது சிக்கிச் சிக்கி மூடியது. அதனால் வெளியே கக்க வேண்டியதைச் சில நிமிடங்கள் வீடுகளுக்குள்ளேயே கக்கியது. மற்ற நேரமெல்லாம் காற்று நன்றாகவே இருந்தது.

ஊரில் உதிரி வால்வு ஒன்றுதான் இருந்தது. அடுத்த கப்பல் வரும்வரை வேறு கிடையாது. ஒன்பதாம் தெருவும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. யாருக்கு என்பதைச் சபை படம் பார்த்து முடிவு செய்யும்.

பதினொன்றாம் தெருவின் எண்களை அவள் எளிவரையில் இட்டாள். உண்மையைச் சொன்னால், முதலில் அதை ரசிக்கத்தான் செய்தாள். எதை எதோடு ஒப்பிட விரும்புகிறீர்கள் என்று கேட்டது. பொருத்தமான படவகையைத் தானே எடுத்துக் கொடுத்தது. தவறிப்போய் எதையாவது அழுத்திவிட்டால் திட்டாமல் திரும்பக் கூட்டி வந்தது. கடைசியில், குளத்து நீர் போல அசையாத பச்சைக் கோடு ஒன்றை வரைந்து காட்டியது.

மூச்சு முட்டுகிற அந்த நிமிடங்களைக் காணவில்லை.

தேடிக் கண்டுபிடித்தாள். அதன் பெயர் ‘தெளிவு நிலை’. அக்கம்பக்கத்து எண்களோடு ஒட்டாமல் திடீரென்று துள்ளும் எண்ணைக் கருவி பிழை என்று எடுத்துக்கொள்ளும். புதியவர்கள் குழம்பக்கூடாதே என்று அதை நீக்கிவிட்டு, இருபுறமும் இழுத்து ஒட்டிவிடும். திறந்தவுடனேயே அந்த நிலை இயங்கும். நிறுத்தவும் முடியும்தான், அந்தப் பொத்தான் ‘நிபுணர்களுக்கு’ என்ற பிரிவுக்குள், அதற்குள்ளும் இன்னொரு பிரிவுக்குள் இருந்தது. அவள் நிறுத்தினாள். பச்சைக் கோட்டிலிருந்து சிவப்பு ஊசிகள் வரிசையாக எழுந்து நின்றன.

இதைவிடத் தெளிவாக ஒரு குறையைக் காட்ட முடியாது என்று நினைத்தாள். சபையில் இரண்டு படங்களையும் அருகருகே ஏற்றினாள். ஒரே தெரு, ஒரே எண்கள். இடப்பக்கம் கருவி தானாக வரைந்தது. வலப்பக்கம் தெளிவு நிலையை நிறுத்தியபின் வந்தது.

சபைத் தலைவர் திருமலைக்கொழுந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“அடேயப்பா! இடது பக்கம் எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு. எனக்கே புரியுதே.”

“ஐயா, அதுல பாதி விஷயம் இல்ல. வலது பக்கத்துல இருக்க ஊசிதான் உண்மை. அந்த நேரத்துல மனுஷங்க மயங்கி விழுதாங்க.”

“அந்த ஊசியப் பாத்தாலே பயமா இருக்கு,” என்றாள் முன்வரிசையில் ஒரு தாய். “பிள்ளைங்க தெனமும் பாக்குற சுவரு.”

“பயப்படணும்னுதானேம்மா காட்டுதேன்!”

“யம்மா ஜெசிந்தா,” தலைவர் இதமாகத்தான் கேட்டார். “நீ மதிப்பீடு பண்ண வந்தது கருவியையா, காத்தையா?”

சபை சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அவர் கேள்வியை வைத்துவிட்டார்: இடப்பக்கப் படம் நல்லதா, வலப்பக்கப் படம் நல்லதா? கைகள் இடப்பக்கத்துக்கு எழுந்தன. எளிவரை ஊருக்குக் கருவியானது.

ஜெசிந்தா தன் இருக்கைக்குத் திரும்பிய பிறகுதான் எழுத்தர் இன்னொன்றையும் வாசித்தார். சபை ஏற்ற படத்தின் தலைப்பு ‘பதினொன்றாம் தெருக் காற்று’. எனவே அத்தெருவின் காற்று குறையற்றது என்று பதிவாகிறது. அவள் எழுந்தாள். அது வெறும் எடுத்துக்காட்டு என்றாள். எடுத்துக்காட்டுக்கென்று தனி விதி எதுவும் இல்லை என்றார்கள். ஒன்பதாம் தெருவில் காற்று மெல்ல மெல்ல மோசமாகிக்கொண்டிருந்தது. மெல்ல ஏறும் கோட்டை எளிவரை மிக அழகாக வரையும். வால்வு அங்கே போனது.

அடுத்த வாரம் பதினொன்றாம் தெருவின் அபாயமணி அலறியது. வால்வு மேலும் மோசமாகி, அதுவரை எல்லையைத் தொடாமலிருந்த அளவு எல்லையைத் தாண்டியிருந்தது. மணிக்குப் படம் தெரியாது. அது காற்றை நேரடியாகத் தொட்டுப் பார்க்கும் பழைய பொருள். ஜெசிந்தா ஓடி வந்தாள். தெருக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்று சுவரைப் பார்த்தார்கள். சுவரில் பச்சைக் கோடு அசையாமல் கிடந்தது.

சபையிலிருந்து ஆள் வந்தான். பழுதுபார்க்கும் இசக்கிராஜ்.

“வால்வு கொண்டு வந்தீங்களா?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

“வால்வா? மணிதான கோளாறுன்னாங்க? ஏத்துக்கிட்ட படம் ஒண்ணு சொல்லுது, மணி ஒண்ணு சொல்லுதுன்னா, மணிதான மேடம் பழுது?”

“நீங்களே மூச்ச இழுத்துப் பாருங்க அண்ணாச்சி.”

ஏணியில் பாதி ஏறியவன் நின்றுவிட்டான். நெற்றி முழுக்க வியர்வை. இரண்டு தடவை வாயால் மூச்சை இழுத்தான். பிறகு சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

“காத்து நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் வயசாயிட்டு போல.”

“அதான் எக்கா, எனக்கும்,” என்றாள் ரெஜினா. கதவைப் பிடித்தபடி அவள் மெல்லக் கீழே உட்கார்ந்தாள். “நான்தான் சரியா சாப்பிடுறதில்ல.”

ஜெசிந்தா ஏணியைப் பிடித்து உலுக்கினாள். கத்த நினைத்தாள், பாதி வாக்கியத்துக்குத்தான் மூச்சு இருந்தது. இசக்கிராஜ் கம்பியை வெட்டினான். மணி நின்றது. தெருவே நிம்மதியாகக் கைதட்டியது. யாரோ அவனுக்குத் தேநீர் கொண்டுவந்தார்கள்.

“கெளம்புவோம்,” என்று தங்கையைத் தூக்கி நிறுத்தினாள் ஜெசிந்தா. “எங்க வீட்டுக்கு வா. இப்பவே.”

தெருக்கதவுக்குப் பக்கத்தில் இசக்கிராஜ் வழிமறித்தான். கையில் சிறு திரையை நீட்டினான்.

“மேடம், கோவிச்சுக்காதீங்க. நான் பாத்த வேலைக்கு ஒரு அஞ்சு ஸ்டார் போட்டு விட்டுருங்க. பழுது பாத்தா, யாராவது ஸ்டார் போட்டாத்தான் தெருக்கதவு திறக்கும்; நீங்க போடலன்னா அடுத்த ஆளக் கேக்கும்.”

திரையில் ஐந்து நட்சத்திரங்கள் காத்திருந்தன. அவற்றுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: நான்கோ அதற்குக் குறைவோ அளித்தால், தயவுசெய்து காரணத்தை விரிவாக எழுதவும்.

வாழ்க்கை முழுவதும் காரணங்களை விரிவாக எழுதிய அந்த மதிப்பீட்டாளர், தோளில் சாய்ந்திருந்த தங்கையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையால் ஐந்தாவது நட்சத்திரத்தைத் தொட்டாள்.