எட்டாம் குழி

ரத்தச் சோதனைத் தட்டின் எட்டாம் குழியில் மஞ்சள் ஏறியிருந்தது. ஏறவே கூடாத குழி அது.

பரிசோதனைக்கூடத்தில் மற்றவர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். சாயங்கால வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்க, மூலையில் குளிர்பெட்டி தொண்டையைச் செருமுவதுபோல் நின்று நின்று உறுமியது; ஸ்பிரிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்த வாடைக்கு, ஆறு மாதக் கர்ப்பிணியான அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நோயாளிகளின் குழிகள் தண்ணீராய்த் தெளிந்திருந்தன. அவளுடையது மட்டும் மஞ்சள்.

டாக்ஸோ என்று அங்கே சுருக்கிச் சொல்லும் கிருமிக்கான சோதனை. பூனைக் கழிவிலிருந்தோ வேகாத கறியிலிருந்தோ ஒட்டிக்கொள்ளும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு நாள் காய்ச்சலோடு போய்விடும். கர்ப்பத்தில் புதிதாக வந்தாலோ, பிள்ளையின் மூளையையும் கண்ணையும் பதம் பார்க்கும்; மூளையில் அது பட்ட இடம் ஸ்கேனில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். கிருமி தொற்றிய ரத்தம் விட்ட குழியில் மஞ்சள் ஏறும்; தொற்றாத ரத்தம் எப்படி நிற்கும் என்று ஒப்பிட எட்டாம் குழியை ஒதுக்குவார்கள். ஆறு வருடமாக அதில் அவள் ரத்தம்தான். ‘சுத்தக்கா’ என்று பட்டப்பெயரே விழுந்திருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன மாதம் முதல்முறை மஞ்சள் ஏறியபோது, குழியைச் சரியாகக் கழுவவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இரண்டாம் முறை, சோதனை மருந்து கிட் கெட்டுப்போனது என்று கம்பெனிக்காரரைப் போனில் வறுத்தெடுத்தாள். புது கிட் வர மூன்று வாரம் ஆயிற்று. ரத்தத்தைச் சந்தேகிக்க மட்டும் தோன்றவே இல்லை.

இன்று புது கிட். இரண்டு தடவை கழுவியிருந்தாள்.

குளிர்பெட்டியின் அடித்தட்டைத் துழாவினாள். மாதாமாதம் எடுத்து உறையவைத்த தன் குப்பிகளைத் தேதி பார்த்து எடுத்து, வரிசையாகக் குழிகளில் விட்டாள். காத்திருந்தாள். கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. நாலாம் மாதக் கடைசியில் அங்கே நெறிகட்டியிருந்தது, காய்ச்சலும் அடித்தது. அலைச்சல் என்று கணவன் சொல்ல, அவளும் ஆமாம் என்று விட்டுவிட்டாள்.

மூன்றாம் மாதம், தெளிவு. நாலாம் மாதம், தெளிவு.

ஐந்தாம் மாதம். மஞ்சள்.

கடவுளே, எத்தனை வாரம். அன்றைக்கே மருந்து தொடங்கியிருக்கலாமே. பிள்ளைக்கு இருந்த நாட்களைத் தன் கையாலேயே கழுவி ஊற்றியிருக்கிறாள்.

மாடிப்படி. மூச்சு வாங்கியது. ஸ்கேன் அறையைப் பூட்டிக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் கையைப் பற்றிக்கொண்டாள்.

“என்ன சுத்தக்கா, இந்த நேரத்துல?”

“தலைய மட்டும் பாருங்க டாக்டர். தலைய மட்டும்.”

வயிற்றில் ஜெல் சில்லிட்டது. ஏதோ பேசிக்கொண்டே கருவியை நகர்த்திய டாக்டரம்மா பாதியில் நிறுத்தினார். கருவி ஒரே இடத்தில் அழுந்தி நின்றது. மெல்ல, மிக மெல்ல, திரையை அவளுக்குத் தெரியாதபடி அந்தப் பக்கம் திருப்பினார்.

“வீட்டுக்காரருக்குப் போன் பண்ணட்டுமா?”

அவள் முகத்தைத் திருப்பினாள். எதிரே மருந்து அலமாரி. அதன் கண்ணாடிக் கதவில் திரை தெரிந்தது.

கறுப்பாக ஒரு தலை. உள்ளே வெள்ளை வெள்ளையாக, உப்பைத் தூவியதுபோல், புள்ளிகள்.

பிள்ளை அசைந்தது. குட்டிக் கையை முகத்துக்குக் கொண்டுபோனது.

கண்ணைக் கசக்கியது.

மறுபடி கசக்கியது.

நிறுத்தவே இல்லை.