தலையடி முடிஞ்சுது!

போன் அலறியது.

தலைவர் தியாகராசன் ரிசீவரை எடுக்கவில்லை. அவர் எதிரே ஏற்கெனவே ஒரு சண்டை அலறிக்கொண்டிருந்தது.

"பயிர் நிக்குதுங்கய்யா! கண்ணால பாத்தேன்!"

கமலவல்லி. பூதலூர் ரோட்டில் கொஞ்சம் நிலம் உழுகிறவள். ஆட்சேபம் சொல்ல வந்தவள்.

"பயிரா? கோரை நிக்குது! வருஷக்கணக்கா தரிசு சார்!"

செல்லத்துரை. கரை வேட்டி. கழுத்தில் தாம்புக்கயிறு கனத்தில் செயின். தன் நிலத்தில் 'குபேரன் நகர்' போடப் போகிறவர்.

தஞ்சாவூர். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் திட்டக் குழும அலுவலகம். விளைகிற நஞ்சை என்றால் மனை கிடையாது. தரிசு என்றால் உண்டு.

மனை வந்தால் வாய்க்கால் ரோடாகும். வாய்க்கால் ரோடானால், அதன் கடைசியில் இருக்கும் கமலவல்லியின் வயலுக்குத் தண்ணீர் கிடையாது!

"நில உச்சவரம்புச் சட்டத்துல எங்களுக்குக் கெடச்ச வயலுய்யா. எங்க வீட்டுக்காரரு கொடி புடிச்சு, ஜெயிலுக்குப் போயி வாங்கினது!"

"அதான் உனக்கும் ஒரு பிளாட் தர்றேங்கறேனே..."

"பிளாட்டுல என்னத்தண்ணே நடறது? குரோட்டன்ஸா?"

தியாகராசனுக்குத் தலை சுற்றியது. சென்னையிலிருந்து மாற்றலாகி ஒரு வாரம்தான் ஆகிறது. காபிக்குப் போன மற்ற உறுப்பினர்கள்... போனவர்கள்தான்! மத்தியானம் இடத்தைப் பார்க்க வேண்டும். தரிசாகக் கிடந்தால் கையெழுத்து.

போன் விடவில்லை. எடுத்தார்.

"ஹலோ..."

"மொதலாளி! ரெங்கசாமி பேசறேன். தலையடி முடிஞ்சுது!"

தியாகராசன் ரிசீவரைக் காதோடு அழுத்தினார்.

தலை... அடியா?

"ஓங்கி அடிச்சதுல பொலபொலன்னு கொட்டிடுச்சுங்க! சாக்குல கட்டி லாரில ஏத்தியாச்சு. மிச்சத்தை மாட்டை விட்டு மிதிக்கச் சொல்லவா? ஆபீசருங்க வர்றதுக்குள்ள டிராக்டரை விட்டுப் பொரட்டிடறோம். தடயமே இருக்காது!"

டொக்.

"கொலை...!" தியாகராசன் நாற்காலியோடு எழுந்தார். "யாருய்யா ரெங்கசாமி?"

"எ... எங்க ஆளுதான் சார். இங்க இருப்பேன்னு நம்பர் குடுத்திருந்தேன்..."

"தலையடி முடிஞ்சுதாம்! சாக்குல கட்டியாச்சாம்! மாட்டை விட்டு மிதிக்கணுமாம்!"

செல்லத்துரையின் முகம் வெளுத்தது.

கமலவல்லி அவரைப் பார்த்தாள். ஒரே விநாடி. பிறகு மாரில் அடித்துக்கொண்டாள்.

"அய்யய்யோ! எந்தத் தாயி பெத்ததோ! மாட்டை விட்டு மிதிக்கறானே, பாவி!"

தியாகராசன் போன் போட, இன்ஸ்பெக்டர் நாகநாதன் ஜீப்பில் பறந்து வந்தார். நாகப்பட்டினத்துக் கடற்கரைக்காரர். வலை தெரியும். வஞ்சிரம் தெரியும். வயல் தெரியாது.

"செத்தது யாருய்யா?"

"யாரும் சாவலைங்க சார்!"

"அப்ப சாக்குல என்ன?"

செல்லத்துரை வாயைத் திறந்தார். கமலவல்லியைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"தலையில எங்க வச்சு அடிச்சீங்க?"

"தலையில இல்ல சார்... களத்துல..."

"சம்பவம் நடந்த இடம், களம். ஏட்டு, எழுதிக்கய்யா! ஆம்பளையா, பொம்பளையா?"

"ஐயோ, பொன்னி சார்!"

"பொன்னியா! யாருய்யா அந்தப் பொண்ணு? வயசு என்ன?"

"நாலரை மாச..."

செல்லத்துரை நாக்கைக் கடித்துக்கொண்டார். தாமதம்!

"அடப்பாவி! கைக்குழந்தையா...!"

விலங்கு க்ளிக் என்றது.

"மவளே பொன்னீ!" கமலவல்லி தரையில் விழுந்து புரண்டாள். "கண்ணு தொறக்கறதுக்குள்ள அடிச்சுட்டானே!"

"தூக்குதான்யா உனக்கு," என்றார் நாகநாதன்.

"நெல்லு சார்!" செல்லத்துரை வெடித்தார். "நெல்லு! நெல்லு! பொன்னி நெல்லு! தலையடின்னா, அறுத்த கட்டை ஓங்கி அடிக்கற மொத அடி சார்! மிச்சம் வைக்கோல்ல ஒட்டியிருக்கும். அதைத்தான் மாட்டை விட்டு மிதிக்கறது! நிலம் சும்மா கெடக்கேன்னு ஆசைப்பட்டு ஒரு போகம் போட்டேன்... ஆபீசர் பாக்க வர்றதுக்குள்ள அறுத்துடச் சொன்னேன்..."

ஏட்டின் பேனா நின்றது.



தியாகராசன் மெல்ல உட்கார்ந்தார்.

"தரிசுன்னீங்களே, செல்லத்துரை?"

செல்லத்துரை இவ்வளவு நேரமும் எதைச் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்தாரோ, அதைக் கத்தியே சொல்லியாகிவிட்டது. போலீஸ் சாட்சியோடு!

"ரெங்கசாமி லாரியை நிறுத்தி, வயலை அப்படியே விட்டு வைக்கட்டும். நான் பார்க்கறேன்," என்றார் தியாகராசன். "விளையற நஞ்சை. குபேரன் நகர் நிராகரிக்கப்பட்டது."

கமலவல்லி எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டாள். கண்ணில் சொட்டு நீர் இல்லை!

நாகநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா... தலையடின்னா என்னன்னு உனக்குத் தெரியாதா?"

"நல்லா கேட்டீங்க! நடக்கத் தெரிஞ்ச நாள்லேருந்து களத்துலதானுங்களே கெடக்கறேன்!"

"பின்னே எதுக்கு ஒப்பாரி?"

"நான் நெல்லுன்னா, அண்ணன் கோரைன்னுவாரு. கொலைன்னாத்தானுங்களே, அவரு வாயால நெல்லுன்னு வரும்!"

நாகநாதன் விலங்கைத் திறந்தார்.

செல்லத்துரை கையை எடுக்கவில்லை.

"சார்... கொலைன்னே எழுதிக்கிடுங்க. அதுக்கு ஜாமீனாவது கெடைக்கும்!"