‘ஈரத் துவாய்’ படத்தில் துவாய் எங்கே?

"ஐயோ...! காணேல்லை! காணேல்லை!"

வெள்ளவத்தைக் கடற்கரையோரம் போன ரெயிலின் சத்தத்தையும் மீறிக் கேட்டது அந்த அலறல்.

அலறியவன் கிளின்ரன். கொட்டாஞ்சேனைக்காரன். துறைமுகத்துப் பக்கம் ஒரு கந்தோரில் இருந்த நல்ல வேலையை உதறிவிட்டுப் படம் எடுத்தவன்.

படத்தின் பெயர் ‘ஈரத் துவாய்’; குளித்துவிட்டுத் துவட்டுகிற துவாய்தான். கவர்ச்சி பாதி, கொலை பாதி, பட்ஜெட் பூச்சியம்!

அவனுடைய பை உள்ளறையில், கொம்பியூட்டர் மேசையில் வாயைப் பிளந்து கிடந்தது. உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்... இல்லை!



இடம், நாகமணி மாஸ்டரின் டியூஷன் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்து, இரசாயனம் எழுதுகிற வெள்ளைப் பலகையில் படத்தை ஓடவிட்டிருந்தான். பார்க்க வந்தவர்கள் நாலே பேர். ஒன்று மாஸ்டர். இரண்டு, படத்தை வாங்கித் தன் இன்டர்நெட் சனலில் போட வந்த மாளிகாவத்தை ஷிராஸ். மூன்று, பற்றிக் என்ற கிளின்ரனின் மாமா. நாலு, அவரைத் தனியே விடமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டு வந்த யூஜினா மாமி.

வில்லங்கமே மாமியால் வந்ததுதான்!

மாமி கோயிலில் பெரிய ஆள். செபமாலையும் கையுமாக இருப்பவர். அவரும் வருகிறார் என்று மாமா காலையில் போன் பண்ணியதுமே கிளின்ரன் லாப்டொப்பைத் திறந்தான். படத்துக்கே உயிரான குளியலறைக் காட்சியை லாப்டொப்பிலிருந்து வெட்டி எறிந்தான். இப்போது அந்தக் காட்சி இருப்பது காணாமல் போன டிஸ்க்கில் மட்டும்!

மறுபடி எடுக்கவும் வழியில்லை. கதாநாயகி கலியாணம் கட்டிக் கனடா போய்விட்டாள்.

"தம்பி, டிஸ்க்க தாங்க." ஷிராஸ் அறை வாசலில் வந்து நின்றார். "மஃரிப் தொழுகைக்கு முந்தி நான் போகணும். நீங்க செல்லின அந்த குளிக்கிய சீன் இல்லாட்டி எனக்கு படம் வாணாம். இப்பவே செல்லிட்டன்."

"கொஞ்சம் பொறுங்கோ ஷிராஸ் நானா... தேடுறன்!"

பொலிசுக்குப் போகலாமா? போனால் என்ன படம், என்ன காட்சி என்று சிங்களத்தில் விளக்க வேண்டும். கிளின்ரனின் சிங்களம் மீன் வாங்க மட்டும்தான் காணும்!

யோசித்தான்.

அக்கம்பக்கத்தார் வந்து எட்டிப் பார்க்கக் கூடாதென்று மாஸ்டர் படம் தொடங்கும்போதே கீழே கேற்றைப் பூட்டிவிட்டார். வெளியே யாரும் போகவில்லை. ஆனால் படம் ஓடும்போது நாலு பேருமே கழிப்பறைக்குப் போய் வந்தார்கள். போகும் வழி இந்த அறைக்குள்ளால்தான்.

ஆக... கள்ளன் இந்த நாலு பேரில் ஒருவர்!

நேரே கேட்டால் சண்டை வரும். படத்தைப் பற்றிக் கேட்டால்...? இங்கே நின்று பையைக் கிண்டியவருக்குப் படத்தில் ஒரு துண்டு தெரியாமல் போயிருக்குமே!

கிளின்ரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாஸ்டரிடம் போனான்.

"மாஸ்டர், படம் எப்பிடி?"

"நான் எங்கை பாத்தனான்? சோதனைப் பேப்பர் எல்லோ திருத்திக்கொண்டிருந்தனான்."

"சும்மா சொல்லுங்கோ மாஸ்டர்."

"சொன்னால் கோவிக்கப்படாது. அசிட் ஊத்தினா நீலப் புகை வருது. எந்த அசிட்டிலயடா நீலப் புகை வாறது? சிவப்புச் சட்டையோட ஜன்னலால குதிக்கிறவன் நீலச் சட்டையோட நிலத்தில விழுறான். சோபாவில கிடக்கிற பிணம் மூச்சு விடுது. அதோட..." மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "பேர் ஈரத் துவாய். படத்தில மூக்குத் துடைக்க ஒரு கைலேஞ்சி கூட இல்லையே தம்பி! நானும் இப்ப வரும், இப்ப வரும் எண்டு..."

"பேப்பர் திருத்தினனான் எண்டீங்கள்?"

"அது... இடைக்கிடை!"

ஒரு காட்சி விடாமல் பார்த்திருக்கிறார். மாஸ்டர் இல்லை!

அடுத்தது ஷிராஸ்.

"நானா, உங்கட அபிப்பிராயம்?"

"சுத்தமான படம் தம்பி. உம்மா வாப்பா, புள்ளகுட்டி எல்லாரோடயும் ஒண்டா இருந்து பாக்கேலும்."

கிளின்ரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "மெய்யாவா நானா?"

"அதான் பிரச்சினயே! இத ஆரு சல்லி குடுத்து பாக்கிய? மையத்து மூச்சு வுடுது. அந்தப் புள்ள மழையில நனயுது, கையில கொடயும் ஈக்கிது. விரிச்சா என்ன?"

இவரும் முழுதாகப் பார்த்திருக்கிறார்! கிளின்ரனுக்கு ஒரு பக்கம் சந்தேகம் தீர்ந்தது, இன்னொரு பக்கம் அழுகை வந்தது. ஒரு வருஷமாய்ச் சோறு தண்ணி மறந்து எடுத்த படம் அல்லவா!

பற்றிக் மாமா பின் வரிசை வாங்கிலில் உட்கார்ந்து பட்டீஸ் தின்றுகொண்டிருந்தார்.

"மாமா, நீங்களாவது நல்லதாச் சொல்லுங்கோ."

"அருமையான படமடா! அதிலயும் பிணமா நடிச்ச மனுசன்... என்ன நடிப்பு!"

"பிணமா நடிச்சது நீங்கள் மாமா."

"அதைத்தானே சொல்றன்!"

"மூச்சு விட்டீங்களாம். எல்லாரும் சொல்லீனம்."

"எனக்கு ஆஸ்துமாடா. அடக்கிக்கொண்டு கிடந்து மெய்யாவே செத்துப்போனா, நீயா பொறுப்பு?"

தன் நடிப்பிலிருந்து கண்ணை எடுக்காத மனுசன் பையைக் கிண்டியிருக்க மாட்டார். மிச்சம் மாமி.

மாமி வெள்ளைப் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மடியில் கைப்பையும் கையில் செபமாலையுமாக இருந்தார்.

"மாமி... படம்..."

"வாயைத் திறக்காதை! நான் ஒண்டும் பாக்கேல்லை. துவங்கினதில இருந்து கண்ணை மூடிக்கொண்டு செபமாலை சொன்னனான்."

கிளின்ரன் சோர்ந்து போனான். கண்ணை மூடியிருந்தவரிடம் படத்தைப் பற்றி என்னத்தைக் கேட்பது? வந்த வழியே திரும்பினான்.

ஆனால் மாமியின் வாய் சும்மா இருக்குமா?

"இருந்தாலும் கேக்கிறன்... உனக்கு வெக்கமில்லையா? ஒரு குமர்ப்பிள்ளை குளிச்சுப்போட்டு, துவாயைச் சுத்திக்கொண்டு, அந்தத் தடியனுக்கு முன்னால வந்து நிக்கிறாள்! அதுவும் என்ர பச்சைத் துவாய்! தங்கச்சி அவுஸ்திரேலியாவில இருந்து அனுப்பினது! என்ர அலுமாரியில இருந்த துவாய் எப்பிடியடா உன்ர படத்துக்கு வந்தது?"

பற்றிக் மாமாவுக்குப் பட்டீஸ் புரையேறியது!

கிளின்ரன் நின்றான்.

துவாய்...?

மாஸ்டர் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்தும் காணாத துவாய்!

"மாமி..." அவன் மெதுவாகத் திரும்பினான். "இண்டைக்குப் போட்ட படத்தில துவாயே இல்லை. அது டிஸ்க்கில மட்டும்தான் இருக்கு."



செபமாலை நின்றுவிட்டது.

மாமி கைப்பையைத் திறந்தார். உள்ளே... டிஸ்க்!

"ஓம், நான்தான் எடுத்தனான். கழிப்பறைக்கு எண்டு எழும்பிப் போய், மாஸ்டரின்ர கொம்பியூட்டர்ல போட்டுப் பாத்தனான். பாவத்தை அழிக்க வேணுமெண்டுதான்!"

"அழிச்சிட்டீங்களா?!"

"அழிச்சிட்டன்!"

கிளின்ரன் பொத்தென்று வாங்கிலில் விழுந்தான். வேலையும் போச்சு... படமும் போச்சு... திங்கட்கிழமை எந்த முகத்தோடு பழைய கந்தோருக்குப் போய் நிற்பது?

ஷிராஸ் டிஸ்க்கைப் பறித்துக்கொண்டு அறைக்குள் ஓடினார். மாஸ்டரும் பின்னால் ஓடினார். சோதனைப் பேப்பர்கள் நிலமெல்லாம் பறந்தன.

டிஸ்க்கில் படம் காட்சி காட்சியாகத்தான் இருந்தது. அசிட் காட்சி... இல்லை. மழைக் காட்சி... இல்லை. சோபாப் பிணம்... இல்லை. எல்லாம் மாயம்! ஒன்றே ஒன்றைத் தவிர...

"யா அல்லாஹ்! குளிக்கிய சீன் ஈக்கிது! மத்ததெல்லாம்தான் இல்ல!"

நாலு பேரும் மாமியைப் பார்த்தார்கள்.

"மாமி... பாவத்தை அழிச்சனான் எண்டீங்கள்?" கிளின்ரன் திக்கினான்.

"பின்ன? மனுசரை இவ்வளவு நேரம் மரவாங்கிலில இருத்தி அந்தக் கண்றாவியைக் காட்டினியே, அதைவிடப் பெரிய பாவம் இருக்கா? நீ ஒழுங்கா எடுத்தது அது ஒண்டுதான். அதைப் போய் ஏன் அழிப்பான்?"

"அப்ப கைப்பையில ஏன் வைச்சீங்கள்?"

"துவாய் என்ர துவாய்தானோ எண்டு வீட்டை போய் ஆறுதலா இன்னொருக்காப் பாக்க!"

கிளின்ரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துள்ளி எழுந்தான்.

"நானா! மிச்சம் எல்லாம் லாப்டொப்பில இருக்கு. ரெண்டையும் ஒட்டினா முழுப்படம்! உடன ஒட்டித் தாறன்!"

"ஒட்ட வாணாம்!" இந்த முறை அலறியது ஷிராஸ். "இத மட்டும் தாங்க. பேசின வெலக்கே எடுக்கியன். மாமி வெட்டினதுதான் சரி!"

"அப்ப என்ர கதை? கொலைகாரன் ஆரெண்டு சனத்துக்குத் தெரிய வேண்டாமா?"

"முழுசாப் பாத்த எங்களுக்கே தெரியாதே தம்பி!"

"அப்ப நான் படத்தில இல்லையா?" பற்றிக் மாமாவின் குரல் தழுதழுத்தது.



கிளின்ரன் கணக்குப் பார்த்தான். ஒரு வருஷ உழைப்பில் மிஞ்சியது மாமியின் துவாய் மட்டும்தான்! ஆனாலும்... விற்றுப்போய்விட்டதே! கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஷிராஸின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

ஷிராஸ் மாமியிடம் மரியாதையாகக் குனிந்தார்.

"மாமி, எடிட்டிங் எண்டு ஒங்கட பேரப் போடட்டா?"

மாமி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"சீ! இந்த அசிங்கத்தில என்ர பேரா? கோயில் பக்கம் தலை காட்டேலாது!"

விறுவிறுவென்று வாசல் வரை போனவர், திரும்பினார்.

"எங்கட கோயில் பாட்டுக் குழுவில றோஸி எண்டு ஒருத்தி இருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் ஆகாது... அவளின்ர பேரைப் போடுங்கோ!"