வண்டி ஓட்டிப் பார்த்த பேன்ட்

அம்மாவின் பழைய பிக்கப் வண்டியில் ஒரே ஒரு நீள சீட்டுதான். அதிலிருந்து ஒரு கம்பிச்சுருள் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அம்மா தினமும் செடித்தொட்டிகளை ஏற்றிக்கொண்டு கடைகடையாகப் போய்வருவார். இறங்கும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் இறங்குவார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா தோழி வீட்டுக்குப் போனதும் அப்பாவும் மாமாவும் வேலையில் இறங்கினார்கள். மாமா அம்மாவின் அண்ணன். மெக்கானிக். உடைக்கப் போன ஒரு காரிலிருந்து இரண்டு தனித்தனி சீட்டுகளை வாங்கி வந்திருந்தார்.

"அம்மா வர்ற வரைக்கும் மூச்சு விடக்கூடாது, நண்டு!" என்றார் மாமா.

பத்து வயது நண்டு வாயைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போடுவதுபோல் காட்டினாள்.

பழைய சீட்டு வெளியே வந்தது. அதன் அடியில் மூன்று பென்சில், ஒரு சாக்ஸ்.

"அப்பா! இந்த சாக்ஸைத் தொலைச்சேன்னுதானே என்னைத் திட்டுனீங்க?"

அப்பா அவசரமாக ஸ்பேனரைத் தேடினார்.

புது சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் சட்டம் துருப்பிடித்துக் கெட்டுப்போயிருந்தது. மாமா அதைக் கழற்றிப் போட்டார். "நேரா தரையில போல்ட் போட்டு இறுக்கிடலாம். அசையவே அசையாது."

மாமா ஆறடி உயரம். சீட்டில் உட்கார்ந்து கிளட்சை மிதித்தார். "ராஜா மாதிரி இருக்கு மாப்ளே! இங்கேயே ஓட்டை போடு."

அப்பா சாக்கட்டியால் நான்கு வட்டம் போட்டு டிரில்லை எடுத்தார்.

"நிறுத்துங்க! வண்டி ஓட்டப்போறது யாரு?" என்றாள் நண்டு.

"உங்கம்மா."

"அம்மா மாமாவோட தோளுக்குக்கூட வரமாட்டாங்களே! கால் எட்டலேன்னா?"

அப்பா டிரில்லைக் கீழே வைத்தார். "ஓட்டை போட்டா போட்டதுதான்" என்றார். "அவளைக் கூப்பிட்டு உட்கார வெக்கவும் முடியாது. குட்டு உடைஞ்சிடும்."

நண்டு துணிக்கொடிக்கு ஓடினாள். அம்மாவின் பேன்டை எடுத்துவந்து, பழைய துணிகளை உள்ளே திணித்தாள். கீழே அம்மாவின் ஷூவைச் செருகினாள். அதைத் தூக்கி சீட்டில் உட்கார வைத்தாள்.

ஷூ கிளட்சை எட்டவில்லை. ஒரு சாண் குறைவாகத் தொங்கியது.

மாமா தலையைச் சொறிந்தார். "நல்லவேளை! நாளைக்கு உங்கம்மா என்னைத் தொட்டியில நட்டு வெச்சிருப்பா."

அப்பா வட்டங்களை அழித்தார். சீட்டை முன்னால் தள்ளினார்கள். ஷூ கிளட்சில் வாகாக உட்கார்ந்தது. அப்புறம்தான் டிரில் 'கிர்ர்' என்றது.

இரண்டு சீட்டுக்கும் கடைசி போல்ட்டை இறுக்கும்போது வாசலில் அம்மாவின் குரல் கேட்டது.

"யாரது, தலையில்லாம என் வண்டியில?"

பேன்டை இறக்கிவிட்டு அம்மா ஏறி உட்கார்ந்தார். காலை நீட்டினார். சாய்ந்தார்.

"எப்படிண்ணா இவ்ளோ கச்சிதமா அளவெடுத்தே?"

மாமா நண்டுவைக் கை காட்டினார்.

"நானில்லம்மா, உங்க பேன்ட்தான் ஓட்டிப் பார்த்துச்சு" என்றாள் நண்டு. அடுத்த சீட்டில் தாவி ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

இருவரும் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். அம்மா இரண்டு கையையும் வீசிக்கொண்டு இறங்கினார்.

நாளெல்லாம் குனிந்தே வேலை செய்த மாமாதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.