மட்டக்குதிரைக் கதையில் இல்லாத பக்கம்

பதினேழு படி ஏறி முடித்ததும் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பழைய வீட்டின் மாடி அது. கதவை முதுகால் தள்ளிப் பிடித்தபடி பழைய புத்தக வியாபாரி நின்றிருந்தார். எல்லோரும் அவரைத் 'தூசி' என்றுதான் கூப்பிடுவார்கள். போன் செய்தால் அவரே "தூசி பேசறேன்" என்பார்.

"வாங்கக்கா. உங்க குதிரை வந்து இறங்கிடுச்சு. புல்லுதான் இன்னும் வைக்கல."

அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

மூன்று வருஷமாக அவரைப் படுத்தாத பாடில்லை. சின்ன வயதில் வீட்டிலிருந்த மட்டக்குதிரைக் கதைகள், மொத்தம் ஆறு. அட்டை பச்சை, இல்லாவிட்டால் நீலம். வேலிமேல் ஒரு சிறுமி உட்கார்ந்திருப்பாள். குதிரையின் நிறமும் தவிடு, பேரும் தவிடு. எழுதியவர் பேர் ஞாபகமில்லை.

"இந்த அடையாளத்தை வச்சுக்கிட்டு நான் தவிட்டு மில்லுலதான்க்கா போய்த் தேடணும்" என்று முதல் நாளே சொன்ன மனிதர், ஆனாலும் தேடினார். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. ஐந்தாவது கதை மட்டும் ஆட்டம் காட்டியது. அவளுக்கு வேண்டியது அதுதான்.

வெளியே மதியம் மூன்று மணி வெயில். உள்ளே ஜன்னல்களை மறைத்துக் கூரை வரை புத்தகம் அடுக்கியிருந்ததால், பகலிலும் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. காகிதத்தின் புளித்த வாசனை. தூசி ஒரு மெல்லிய புத்தகத்தைச் சட்டையில் துடைத்து அவள் கையில் வைத்தார். அட்டை பச்சையுமில்லை, நீலமுமில்லை. மஞ்சள்.

"கீழே வண்டி வந்து நிக்குது. சரக்கை இறக்கிட்டு வந்துடறேன். நிதானமாப் பாருங்க."

அவர் செருப்புச் சத்தம் படியிறங்கித் தேய்ந்தது.

அவள் உடனே திறக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் வானொலியில் செய்தி வாசிப்பவள். இருபத்தாறு வருஷமாகக் காலைச் செய்தி அவள் குரலில்தான். எழுதிக் கொடுத்த தாளில் இல்லாத ஒரு சொல்லை அவள் வாய் உச்சரித்ததில்லை. கமாவைக்கூடக் கூட்ட மாட்டாள் என்று நிலையத்தில் கேலி செய்வார்கள்.

அந்தக் கதைகள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது, தங்கைக்கு எட்டு. தங்கைக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை செய்து, இரண்டு கண்ணையும் மூடிக் கட்டுப் போட்டிருந்தார்கள். பதினோரு நாள் கட்டை அவிழ்க்கக் கூடாது. அப்பா அம்மா வேலைக்குப் போய்விடுவார்கள். சின்னது அழாமல் இருக்க அப்பா ஆறு புத்தகம் வாங்கி வந்து பெரியவளிடம் கொடுத்தார். "தினம் மத்தியானம் படிச்சுக் காட்டும்மா."

நான்கு நாள் ஒழுங்காகத்தான் படித்தாள். அதற்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே தோழிகள் கூப்பிடும் சத்தம் காதைக் குடைந்தது. நான்கு பக்கத்தைத் தாண்டி, மனதில் வந்ததை இரண்டு வரியில் சொல்லி முடித்தாள்.

"அக்கா, நீ தாள் திருப்பவே இல்லையே" என்றது சின்னது.

கண் கட்டியிருந்தாலும் காது திறந்துதானே இருக்கிறது! அன்றிலிருந்து அவள் தந்திரம் கற்றுக்கொண்டாள். வாய்க்கு வந்ததைச் சொல்வாள். மனசுக்குள் இருபது எண்ணுவாள். ஒரு தாளைத் திருப்புவாள். மறுபடி இருபது. மறுபடி ஒரு தாள்.

கட்டு அவிழ்த்த மூன்றாம் நாள் மத்தியானம் சின்னது தனியாகக் கல்குவாரிக் குட்டைக்குப் போனது. கரையில் செருப்பும் இரண்டு காரட்டும் கிடந்தன. "தவிடு, தவிடுன்னு கூப்பிட்டுட்டே தண்ணியில இறங்கிச்சு. நான் ஓடிவர்றதுக்குள்ள..." என்று ஆடு மேய்த்தவர் அழுதார்.

"குதிரை தண்ணிக்குள்ள இருக்குன்னு யாருடி சொன்னது?" என்று அம்மா பெரியவளைப் பிடித்து உலுக்கினாள்.

"புத்தகத்துல இருந்துச்சும்மா."

யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. அம்மா அன்றே ஆறையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டாள். அப்பாவைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "நீங்க வாங்கிட்டு வந்த புத்தகம்." அதன்பின் முப்பது வருஷம், தான் சாகும்வரை, அவருக்குத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். எதிரில் உட்கார்ந்ததே இல்லை.

இப்போது அப்பா மருத்துவமனையில் இருக்கிறார். பார்வை போய் மூன்று வருஷமாகிறது. பார்வை போன அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார். "அந்தப் பக்கத்தை ஒரு தடவை படிச்சுக் காட்டும்மா. எதைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ள விட்டேன்னு தெரிஞ்சுக்கணும்."

சொல்லிச் சொல்லி, அது புத்தகத்தில் இருந்ததாகவே அவளுக்கும் ஆகிவிட்டிருந்தது. படமாகவே தெரியும்: முழங்கால் தண்ணீரில் நிற்கும் மட்டக்குதிரை. அது மட்டும் அச்சில் இருந்துவிட்டால் போதும். தான் வெறுமனே வாசித்தவள்தான் என்றாகிவிடும்.

திறந்தாள்.

தவிட்டை ஒரு பால்காரர் வாங்கிக்கொண்டு போகிறார். சிறுமி அழுகிறாள். கடைசியில் அது தானாகவே வழி கண்டுபிடித்துத் திரும்பி வந்து வேலியருகில் நிற்கிறது. அவ்வளவுதான் கதை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை குளமில்லை, குட்டையில்லை. குதிரை குடிக்கும் ஒரு வாளியைத் தவிர வேறு தண்ணீரே இல்லை.

மறுபடி முதலிலிருந்து புரட்டப் போனாள்.

அடுக்குக்கு அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு தாளைத் திருப்பினார்கள்.

அவள் கை நின்றது.

பஞ்சு வாசனை வந்தது. மருந்தில் நனைத்த பஞ்சும், கண்ணில் போடும் களிம்பும்.

இன்னொரு தாள்.

வாசிக்கிறவர்கள் திருப்புகிற மாதிரி இல்லை அது. வாசிப்பவர் சில பக்கத்தில் தங்குவார், சிலதைச் சீக்கிரம் கடப்பார். இது அளவெடுத்தாற்போல் வந்தது. அவளையறியாமல் எண்ணத் தொடங்கினாள். பதினெட்டு. பத்தொன்பது.

இருபது.

தாள் திரும்பியது.

தூசி மேலே வந்தபோது அவள் கதவுக்கு வெளியே, படியில் நின்றிருந்தாள். "அந்தப் பக்கம் யாரோ இருக்காங்க."

அவர் எட்டிப் பார்த்தார். "அந்தப் பக்கம் வெறும் சுவர்தான்க்கா. எலியா இருக்கும். நம்ம வீட்டு எலிக்கெல்லாம் படிப்புல ஆசை ஜாஸ்தி." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார்.

அவள் தலையாட்டி மறுத்துவிட்டுப் புத்தகத்தோடு இறங்கினாள்.

வார்டில் ஆறு கட்டில்கள். நான்கு காலியாக இருந்தன. ஜன்னலோரம் அப்பா, கழுத்துவரை போர்த்திக்கொண்டு, ஒரு பிடி எலும்பாகக் கிடந்தார். தலைமை நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். "ரேடியோ அக்கா, எட்டு மணிவரைதான். உங்க குரலைக் கேட்டா அந்தக் கட்டில் தாத்தா செய்தி வந்துடுச்சுன்னு மாத்திரை கேக்கறார். மெதுவாப் பேசுங்க."

அவள் காலடியை அப்பா கண்டுகொண்டார். "கிடைச்சுதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் அதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். ஆனால் அவர் கை போர்வையிலிருந்து வெளியே வந்து காற்றில் துழாவியது. புத்தகத்தை அந்தக் கையில் வைத்தாள். அவர் அட்டையைத் தடவிப் பார்த்தார்.

"இவ்வளவு சின்னதா இருந்துச்சா?" என்றார். "படிம்மா. அந்தப் பக்கம் மட்டும் போதும்."

உண்மையைச் சொன்னால் இவரும் தனக்கு இல்லாமல் போய்விடுவார். சொல்லாவிட்டால் அந்தப் பழியோடு போய்ச் சேர்வார். இன்னும் எத்தனை நாள்? ஒரு வாரம் இருந்தால் அதிகம். நாற்பது வருஷம் சுமந்தவர் இன்னும் ஒரு வாரம் சுமந்தால் என்ன என்று அவளுக்குள்ளே ஒன்று சொன்னது. அதைச் சொன்னது தன் மனசுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆனாலும் வாய் திறந்தது. பழகிய வாய். புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்து, பால்காரர் வரும் பக்கத்தைப் பார்த்தபடியே படித்தாள்.

"கட்டு அவிழ்ந்த மூன்றாம் நாள், உச்சி வெயிலில், குட்டைக்குப் போக வேண்டும்..."

"...குட்டைக்குப் போக வேண்டும்" என்று கட்டிலுக்கடியிலிருந்து வந்தது.

மிக மெல்லிய குரல். மனப்பாடம் ஒப்பிக்கிற ராகம்.

அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "யாரும்மா அது, கூடவே படிக்கறது?"

"யாருமில்லப்பா." அவசரமாக அடுத்த வரிக்குத் தாவினாள். "முழங்கால் தண்ணீரில் நின்று..."

"மூணு தடவை கூப்பிட்டா தவிடு அடியிலேருந்து எழுந்து வரும்."

இந்த முறை குரல் முந்திக்கொண்டது.

பஞ்சு வாசனை கட்டிலைச் சுற்றி நிறைந்தது.

"உனக்கு முந்தி சொல்லுதே" என்றார் அப்பா. அவர் குரல் நடுங்கியது. பயத்தாலா, வேறெதனாலா, அவளுக்குத் தெரியவில்லை. "சின்னப் பிள்ளைக் குரலா இருக்கே."

அவள் வாயை மூடிக்கொண்டாள். கதை அங்கே முடிந்துவிட்டது. அவ்வளவுதான் சொன்னதாக ஞாபகம்.

குரலுக்கு இன்னும் ஒரு வரி இருந்தது.

"பயப்படாதே. கரையில அக்கா நிப்பா."

அந்த வரியை அவள் மறந்தே போயிருந்தாள். சொன்னாள்தான். "நீயும் வருவியாக்கா?" என்று சின்னது விடாமல் கேட்டபோது, விளையாட ஓடும் அவசரத்தில் அதையும் புத்தகத்தில் இருப்பதாகவே வாசித்துக் காட்டினாள். அந்த மத்தியானம் சின்னது கரையில் எவ்வளவு நேரம் காத்திருந்ததோ! இரண்டு காரட்டை வைத்துக்கொண்டு.

"கரையில அக்கா நிப்பாளாம்" என்று அப்பா மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "எந்தப் புத்தகத்துலம்மா உன்னைப் பத்தி எழுதியிருக்கு?"

புத்தகம் அவள் மடியில் விழுந்தது.

"இதுல இல்லப்பா. எதுலயும் இல்ல. நான் சொன்னது. விளையாடப் போகணும்னு நானே கட்டிச் சொன்னது. உங்க புத்தகத்துல தண்ணியே கிடையாதுப்பா."

அவர் கை போர்வைக்குள் திரும்பிப் போனது. எதிர்க் கட்டிலில் யாரோ இருமினார்கள். மின்விசிறி சுற்றியது. கடைசியில் அவர் உதடு பிரிந்தது.

"உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அவள் தொடப் போனாள். தொடத் தைரியமில்லாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

ஜன்னல் வெளிச்சம் மஞ்சளிலிருந்து சாம்பலுக்கு மாறியபோது சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "முதல்லேருந்து படி. இருக்கறத மட்டும் படி."

படித்தாள். செய்தி வாசிக்கிற குரலில் படிக்க முடியவில்லை. குரல் உடைந்து உடைந்து வந்தது. வேலி, சிறுமி, கொள்ளு மூட்டை, பால்காரர். ஒரு வார்த்தை விடவில்லை. யாரும் கூடச் சொல்லவில்லை, யாரும் முந்தவில்லை. அப்பாவின் மூச்சு சீராகி, தூக்கமாக ஆழ்ந்தது. அவளுக்கும் கண் எரிந்தது. எழுத்துக்கள் கலங்கின. கடைசி அத்தியாயத்தில், தவிடு வீடு திரும்பும் இடத்தில், அசதியில் ஒரு வரியைத் தாண்டிவிட்டாள்.

அவளுக்கே தெரியாது, தாண்டியது.

வரியின் கீழ் ஓடிக்கொண்டிருந்த அவள் விரலின்மேல் இன்னொரு விரல் வந்து படிந்தது. சின்னது. ஈரமாக, குளிர்ந்திருந்தது. அது வலிக்காமல், அவசரப்படாமல், அவள் விரலை ஒரு வரி மேலே நகர்த்தி வைத்தது.