துண்டன் கேட்ட குரல்

வெள்ளிக்கிழமை வர வேண்டிய அத்தியாயம் வியாழன் பிற்பகலிலேயே வந்திருந்தது. முன்னறையில் அக்காவின் தையல் மெஷின் கடகடத்து நின்று மறுபடி கடகடக்க, மெஷின் எண்ணெயும் புதுத்துணியின் கஞ்சி வாடையும் கலந்து கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்த அந்தப் பின்னறையில், மடியில் கிடந்த வெள்ளைச் சட்டைக்குப் பட்டன் தைப்பதை நிறுத்திவிட்டு அவள் போனை எடுத்தாள்.

இணையத்தில் வாராவாரம் வரும் படக்கதை அது. துண்டு துண்டாகச் சிதறிப்போன அதன் நாயகன் துண்டன் தன்னை ஒவ்வொரு பாகமாக மீட்டுக்கொண்டிருந்தான். அடுத்த பாகம் எங்கே கிடைக்கும் என்று வாசகர்கள் கீழே தியரி எழுதுவார்கள். இடதுகை கிடைக்கும் இடத்தைச் சரியாகச் சொன்னவன், நத்தை என்ற பெயரில் எழுதுகிறவன். மறுவாரம், 'இப்போ ஒத்தைக் கையாலதான் டைப் பண்றேன்' என்று போட்டான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதோடு அவன் வரவில்லை.

போன வாரம் அவளும் ஒன்று எழுதினாள். 'அவன் குரல், பேசாத ஒருத்தியோட தொண்டைக்குள்ள இருக்கு.' பெயருக்கு, அக்கா அழைக்கும் ஊமைக்கோட்டானையே போட்டாள். வகுப்பில் எழுந்து வாசித்தபோது எல்லோரும் சிரித்த நாளோடு பள்ளிக்கூடம் நின்றது, பேச்சும் நின்றது. வீட்டில் தலையாட்டலோடு சரி. அந்தத் தியரிக்கு நானூறு பேர் கைதட்டியிருந்தார்கள்.

புது அத்தியாயத்தின் முதல் படத்தில் ஒரு மடி. மடியில் வெள்ளைச் சட்டை. நான்கு பட்டன்கள். ஐந்தாவது நூலில் தொங்கியது.

அவள் குனிந்து பார்த்தாள். நான்கு. ஐந்தாவது தொங்கியது.

அடுத்த படத்தில் துண்டனின் இடதுகை. ஆட்காட்டி விரலில் பச்சை குத்திய சின்ன நத்தை. அந்த விரலை அவளுக்குத் தெரியும். நத்தையின் முகப்புப் படமே அதுதான்.

கீழே ஒரே ஒரு பதிவு. 'நான் நத்தையோட தங்கச்சி. அண்ணன் ஆஸ்பத்திரியில இருக்கான். உன் தியரியை அழிச்சிடுன்னு சொல்லச் சொன்னான், ஊமைக்கோட்டான். சீக்கிரம்.'

அவள் விரல் அழிக்கப் போய் நின்றது. வாழ்நாளில் அவள் சொல்லி நாலு பேர் கேட்டது அது ஒன்றைத்தான். அழிக்கவில்லை. அதன் கீழேயே எழுதினாள்: 'துண்டன் எதையும் மீட்கலை. திருடறான். இது என் குரல்.'

சட்டை அசைந்தது.

மின்விசிறி ஓடவில்லை. ஜன்னலும் சாத்தியிருந்தது. இடதுபக்கச் சட்டைக்கை மெல்ல உப்பியது, தோளிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு. ஈரமண் வாடை. விளிம்பில் ஒரு நகம். பிறகு விரலில் பச்சை குத்திய நத்தை.

விரல் நீண்டது. அவள் தொண்டையைத் தொட்டது. ஜில்லென்று.

"தர மாட்டேன்."

கரகரத்த குரல். அவளுடையதுதான்.

அந்த விரலில் ஊசியை இறக்கினாள். விரல் சுருண்டு உள்ளே போனது. சட்டைக்கையின் வாயை இறுக்கிப் பிடித்தாள். ஒரு தையல். இன்னொன்று. இன்னொன்று. பல்லால் நூலைக் கடித்தாள்.

மெஷின் நின்றது.

"ஏய் ஊமைக்கோட்டான்! நீயாடி பேசினே?"

"நான்தான்க்கா. உள்ள வராதே."

"அட, வாயைத் திறந்ததும் அதிகாரமா! பட்டன் முடிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்சம் தைக்கணும்."

தைத்து மூடிய சட்டைக்கைக்குள் ஐந்து விரல்களும் துணியைப் பிறாண்டின. காலர் தானாக நிமிர்ந்து வட்டமானது. அதற்குள்ளிருந்து, ஈரம் சொட்டச் சொட்ட, தலைமயிர் மேலே ஏறி வந்தது.

அவள் ஊசியில் மறுபடி நூல் கோத்தாள்.